அப்பாவின் டார்க் ரெஞ்ச்: 22 வருடம் உழைத்த ஒரு கருவியைப் பற்றி

அப்பா 22 வருடம் வைத்திருந்த அரை இன்ச் (சாக்கெட் மாட்டும் முனையின் அளவு) டார்க் ரெஞ்ச் ஒன்று கடந்த 14 மாதங்களாக என்னிடம் இருக்கிறது. கம்பெனிப் பெயர் அச்சிட்டிருந்த இடம் அவர் கை பட்டுப் பட்டுத் தேய்ந்துபோய்விட்டது, இப்போது படிக்க முடியவில்லை. அதனால் இதை ஒரு பிராண்டுக்கான விமர்சனமாகப் படிக்காமல், இந்த ரகத்துக்கான விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் திருகி அளவு வைக்கிற, அளவு வந்ததும் சத்தம் கொடுக்கிற வகை. 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) வரை வைக்கலாம். பேட்டரி கிடையாது, திரை கிடையாது.

அப்பா கார் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்தவர். முதலில் இன்ஜின் அசெம்பிளி, அப்புறம் சஸ்பென்ஷன் மாட்டுகிற இடம், கடைசி ஏழெட்டு வருடம் லைனிலிருந்து இறங்கிய வண்டிகளில் போல்ட்டுகளைச் சரிபார்க்கிற வேலை. கம்பெனிக் கருவிகளை ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டு வருவார். இந்த ரெஞ்ச் மட்டும் வீட்டுக்கென்று சொந்தக் காசில் வாங்கியது. வாங்கிய அன்று அதைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண ஸ்பானரில் எவ்வளவு முறுக்கினோம் என்பது நம் கைக்கு மட்டும்தான் தெரியும், அந்தக் கையும் காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் களைத்த பிறகு வேறு மாதிரி. இதில் கைப்பிடியைத் திருகும்போது உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் அமுங்குகிறது. நட்டை முறுக்கிக்கொண்டே போய் நாம் வைத்த அளவை எட்டியதும், தலைப்பக்கம் உள்ளே இருக்கும் ஒரு சின்னத் துண்டு வழுக்கி நகர்ந்து டக்கென்று ஒரு சத்தம் வரும், உள்ளங்கையில் ஒரு உதறல் தெரியும். அதோடு நிறுத்த வேண்டும். தானாக நிற்காது என்பதுதான் முக்கியம். சத்தம் வந்த பிறகும் இழுத்தால் நட்டு இன்னும் இறுகும், கருவி நம்மைத் தடுக்காது.

பன்னிரண்டு வயதில் முதல்முதலாக என் கையில் கொடுத்தபோது நான் செய்த தப்பும் அதுதான். டக் என்றது எனக்குப் பிடித்துப்போய் மறுபடியும் இழுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, "போதும்மா, விடு. அது ஒருதடவை சொல்லிடுச்சுல்ல" என்றார். அப்புறம் அந்த நட்டைக் கழற்றி, முதலிலிருந்து முறுக்க வைத்தார். திட்டவெல்லாம் இல்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் இல்லை.

ஏன் இவ்வளவு கறார் என்று ஒருநாள் கேட்டேன். போல்ட்டை நாம் இரும்புக் கம்பி என்று நினைக்கிறோம், அது ஒரு ஸ்ப்ரிங் என்றார். முறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது, பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிற அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. குறைவாக முறுக்கினால் பிடிப்பு இருக்காது, ஓட்டத்தின் அதிர்வில் நட்டு மெதுவாகக் கழன்றுவிடும். அதிகமாக முறுக்கினால் நீண்ட போல்ட் நீண்டபடியே நின்றுவிடும், இல்லையென்றால் மரை போகும். நாம் போடும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அந்தப் பிடிப்புக்குப் போகிறது, மீதியெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிவிடுகிறது. அதனால்தான் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் கணக்கு மாறிவிடும். உராய்வு குறைய, அதே அளவு விசையில் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். மேனுவலில் எண்ணெய் போடச் சொல்லாத இடத்தில் போடவே கூடாது என்பார்.

1918-இல் நியூயார்க்கில் குடிநீர்த் துறையில் இருந்த கான்ராட் பார் என்பவர் குழாய் போல்ட்டுகளை அதிகமாக முறுக்கிவிடாமல் இருக்க இப்படி ஒரு கருவியை உருவாக்கினார் என்று பின்னாளில் படித்தேன். அப்பாவிடம் சொல்லியிருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார். தண்ணீர்க் குழாய்க்காக வந்தது கார் லைனுக்கே உயிராகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். நான் படித்தபோது அவர் இல்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கையால் இழுக்கிற ரெஞ்ச்தான். போகப் போக லைனில் மின்சாரக் கருவிகள் வந்தன. ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு விசை போனது என்று அவையே பதிவு செய்துகொள்ளும், ஒரு போல்ட் விடுபட்டால் வண்டியை அடுத்த இடத்துக்கு நகர விடாது. பழைய ஆட்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லையாம். அப்பாவுக்குப் பிடித்திருந்தது. ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான போல்ட், எல்லாம் ஒரே மாதிரி, ஏதாவது ஒன்றை மறப்பது மனித இயல்பு, அந்த ஒன்று யார் வண்டியில் போகும் என்று யாருக்குத் தெரியும் என்பார். அதனால் கையால் சரிபார்த்த ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள், போல்ட் தலையிலிருந்து பக்கத்துப் பாகம் வரை ஒரே கோடாக. பின்னால் போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எங்கள் காரின் வீல் நட்டுகள் எல்லாவற்றிலும் அந்த மஞ்சள் கோடு உண்டு.

அப்பா போன பிறகு பல மாதம் நான் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. திறக்க வைத்தது ஒரு டயர் கடை. முன் டயர் இரண்டையும் மாற்றக் கொடுத்திருந்தேன். காற்றழுத்தக் கன்னை வைத்து விர்ரென்று நட்டுகளை இறுக்கி அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் பிரேக் பேட் பார்க்க சக்கரத்தைக் கழற்றப் போனால் ஒரு நட்டு அசையவே இல்லை, நீளக் கம்பியை மாட்டி ஏறி நின்று மிதித்ததில் ஸ்டட் (நட்டு ஏறுகிற மரைத் தண்டு) உடைந்து கையோடு வந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் கடையிலேயே பக்கத்தில் நின்று, "கன்னை வெச்சு சும்மா ஏத்துங்க, கடைசி முறுக்கு நான் கையால போட்டுக்கறேன்" என்று சொல்லியிருப்பார். எப்போதும் அப்படித்தான் சொல்வார், எனக்குத்தான் அன்றைக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். துணியில் சுற்றியிருந்தது. பிரித்துக் கைப்பிடியைப் பார்த்தால் அளவு 40-இல் இருந்தது. இந்த வகை ரெஞ்சை வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்ப்ரிங் அமுங்கியபடியே கிடந்து நாளாவட்டத்தில் தளர்ந்து தப்பான அளவில் சத்தம் கொடுக்கும். கடைசியாக இதை எடுத்த அன்றைக்கே அப்பா உடம்பு முடியாமல்தான் இருந்தார். அந்த நிலையிலும், எங்கள் வண்டி வீல் நட்டுக்கு வைக்கிற 110-இலிருந்து 40 வரைக்கும் சுற்றிச் சுற்றித் தளர்த்திவிட்டுத்தான் வைத்திருக்கிறார். நான் ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியின் மூடியில் ஒரு பாக்கெட் நோட்டும் செருகியிருந்தது. தேதி, எந்த வண்டி, எந்த இடம், எத்தனை நட்டு, எவ்வளவு விசை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக். நண்பர்கள், சொந்தக்காரர்கள் வண்டியெல்லாம் அதில் இருக்கிறது. கடைசி வரி எங்கள் வண்டிதான்: பின் இடது வீல், 5 நட்டு, 110. எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது, டிக் மட்டும் வழக்கம் போல நேராக இருந்தது.

சரி, கருவிக்கு வருகிறேன். இத்தனை வருடப் பழசை நம்பலாமா என்ற சந்தேகத்தில் காலிப்ரேஷனுக்கு, அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கக் கொடுத்தேன். ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரத்தின்படி 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட இந்த வகை ரெஞ்சுகளுக்கு 4 சதவீதம் வரை கூடவோ குறையவோ போகலாம். 40, 120, 200 என்று மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் ஐந்து முறை இழுத்துப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். 120-இல் வைத்தபோது சராசரியாக 117-இல் சத்தம் வந்திருக்கிறது, அதாவது இரண்டரை சதவீதத்தை ஒட்டித்தான் தவறு. மற்ற இரண்டு இடங்களும் அளவுக்குள்தான். வேலை பார்த்தவர் தாளைக் கொடுக்கும்போது, "நல்லா வெச்சிருந்திருக்காங்க, யாரோடது?" என்று கேட்டார். அப்பாவோடது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன், அதற்கு மேல் பேச முடியவில்லை.

குறை என்றால் இரண்டு சொல்லலாம். ஒன்று, 40-க்குக் கீழே இது உதவாது. ஸ்பார்க் பிளக்குக்கெல்லாம் அதைவிடக் குறைந்த விசைதான், அலுமினிய மரையில் இந்த நீளக் கைப்பிடியை வைத்து முறுக்கினால் வினையை விலைக்கு வாங்குவது மாதிரி. அதற்கு இதைவிடச் சின்னதாக இன்னொன்று வேண்டும், அப்பாவிடமும் தனியாக ஒன்று இருந்தது. இரண்டாவது, அளவுக் கோடுகள் ரொம்பப் பொடி. வெளிச்சம் குறைந்த இடத்தில் 108-க்கும் 110-க்கும் வித்தியாசம் தெரியாது. அப்பா கடைசிக் காலத்தில் கண்ணாடியைக் கழற்றி, ரெஞ்சை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு அவர் எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். இறுகிப்போன நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு வேறு கம்பி இருக்கிறது. கைப்பிடியில் பைப் மாட்டாதீர்கள். கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். ஐந்து நட்டு இருந்தால் வரிசையாகப் போகாமல் ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் போடுகிற மாதிரி, இரண்டு சுற்றாக இறுக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் முதலில் இறுகினால் சக்கரம் ஹப்பில் (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) சமமாக உட்காராது. பெரும்பாலான சின்ன, நடுத்தரக் கார்களுக்கு வீல் நட்டு அளவு ஏறக்குறைய 80 முதல் 120-க்குள் இருக்கும், ஆனால் உங்கள் வண்டி மேனுவலில் இருப்பதுதான் கணக்கு. வருடத்துக்கு ஒருமுறையோ 5,000 தடவை இழுத்த பிறகோ, எது முதலில் வருகிறதோ அப்போது காலிப்ரேஷனுக்குக் கொடுங்கள். என்னைக் கேட்டால், கார் வைத்திருந்து சக்கரத்தைத் தானே கழற்றுகிற எல்லோரிடமும் இது இருக்க வேண்டும்.

போன மாதம் பின் இடது டயர் பஞ்சர். அந்தச் சக்கரத்தை அப்பாவுக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. ஐந்து நட்டிலும் மஞ்சள் கோடு மங்கலாக இருந்தது, ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. முதல் நட்டில் கம்பியை மாட்டிவிட்டு மிதிக்க மனம் வராமல் நின்றேன். அப்புறம் மிதித்தேன். கோடு இரண்டாகப் பிரிந்தது.

நட்டுகளைக் கலந்துவிடாமல் ஒரு துணியில் வரிசையாக வைத்தேன். பஞ்சர் போட்டு வந்ததும் அதே நட்டை அதே ஸ்டட்டில் மாட்டி, கையால் ஏற்றி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, ரெஞ்சை 110-இல் வைத்து இழுத்தேன். ஐந்து டக். பழைய மஞ்சள் கோடுகள் எதுவும் சரியாக நேருக்கு நேர் வரவில்லை, மூன்று மட்டும் கிட்டத்தட்ட வந்து நின்றன. என்னிடம் இருந்தது வெள்ளைப் பேனா, அதனால் அவர் கோட்டை அழிக்காமல் பக்கத்திலேயே வெள்ளையில் இழுத்தேன். ரெஞ்சை 40-க்குத் திருப்பி வைத்துவிட்டு, நோட்டில் அவர் வரிக்குக் கீழே பின் இடது வீல், 5 நட்டு, 110 என்று எழுதினேன். டிக் மட்டும் அன்றைக்குப் போடவில்லை. 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ரெஞ்சை வைத்துப் பார்த்து, ஐந்தும் அசையாமல் டக் என்ற பிறகுதான் போட்டேன்.