பெரிய உடம்புக்கு முதல் மூன்று சக்கர வண்டி: எண்ணூர் மணலில் இரண்டரை வருடம்

என் உயரம் ஆறடி ஒரு அங்குலம். எடை 124 கிலோ. 2022 வரை நான் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை, சைக்கிள்கூட எட்டாம் வகுப்போடு சரி. துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதும் டேலி கிளார்க்காகப் பதினேழு வருடம் இருந்துவிட்டு, அம்மாவின் கருவாட்டு வியாபாரத்தை எடுத்து நடத்தலாம் என்று முடிவு செய்தபோதுதான் வண்டி தேவைப்பட்டது. காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் சரக்கு எடுத்து, திருவொற்றியூர் வீட்டுக்கும் அங்கிருந்து கடைகளுக்கும் கொண்டுபோக வேண்டும். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் கருவாடு காயும் இடங்கள் தார் ரோட்டை விட்டுத் தள்ளி மணலுக்குள் இருக்கின்றன. மூட்டையை ரோடு வரைக்கும் சுமந்து ஏற்றக் கூலி கொடுத்தால் நெத்திலியில் நிற்கும் லாபம் அதிலேயே போய்விடும். அதனால் மணலில் இறங்கி ஏறும் வண்டி வேண்டும், அதில் நானும் நுழைய வேண்டும்.

வாங்கியது மின்சார லோடு ஆட்டோ. இப்போது மீட்டர் 34,000 கி.மீ. காட்டுகிறது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. மாடலுக்கு மாடல் சீட்டும் கேபினும் மாறிக்கொண்டே இருப்பதால் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு போய் வாங்கினால் ஏமாற்றம்தான். எதை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

அதை எனக்கு முதலில் சொன்னது பெரியப்பா மகன். எங்கள் குடும்பத்தில் என்னைவிடப் பெரிய உடம்பு அவருக்குத்தான். அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே காடு மேட்டில் ஓட்டுவதற்காக ஒரு பழைய ஹோண்டா மூன்று சக்கர வண்டியை வாங்கி வைத்திருக்கிறார், 1984-ஆம் வருட பிக் ரெட். பலூன் மாதிரி பருத்த டயர், அதில் காற்று வெறும் 2 பாயிண்ட் அளவுதான். ஹோண்டா அந்த வகையை 1970-இல் கொண்டுவந்தது. விபத்துகள் பெருகி, 1988-இல் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தோடு அங்கே புதிய வண்டி விற்பனை நின்றுபோனது. அந்த வண்டிகளில் பின் ஆக்சில் ஒரே கம்பி, இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஓட்டுகிறவர் உடம்பை உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் காலால் அழுத்தினால்தான் உள் சக்கரம் வழுக்கிக்கொடுத்து வண்டி திரும்பும். பைக் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினால் பின் டயர் அந்தக் காலிலேயே ஏறிவிடும்.

அண்ணன் வாங்கப் போனபோது, இவ்வளவு பெரிய ஆளுக்கு 250 சிசி ரேஸ் வண்டிதான் சரி என்று பலர் சொன்னார்களாம். அவர் ஆட்டோமேட்டிக் கிளட்ச் வைத்த, நிதானமான பிக் ரெட்டையே எடுத்தார். என்னிடம் போனில் சொன்னது இதுதான்: "இன்ஜின் எவ்ளோ பெருசுன்னு பார்க்காதடா. உன் எடை மூணு சக்கரத்துக்கு நடுவுல எங்க உட்காருதுன்னு பாரு. என் வண்டில நான் நகர்ந்து உட்காரலாம். உன் லோடு ஆட்டோல அதுக்கு இடமே இல்ல."

லோடு ஆட்டோவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, திரும்புவதற்குச் சாய வேண்டியதில்லை. ஆனால் அவர் சொன்ன எடை விஷயத்தின் முழு அர்த்தம் எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் கடையில் பார்க்க வேண்டியது. மூன்று ஷோரூம் ஏறினேன். முதல் வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலை முழுதாக வலப்பக்கம் ஒடித்தேன். வலது முனை வயிற்றில் வந்து முட்டி நின்றது. "பழகிடும் சார்" என்றார் விற்பனையாளர். பழகாது. யூ-டர்ன் எடுக்கும்போது ஆக்சிலரேட்டர் பிடித்த கை வயிற்றுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. இரண்டாவதில் ஹேண்டில் திரும்பியது, ஆனால் கண்ணாடியின் மேல் விளிம்பு என் கண்ணுக்கு நேரே நின்றது. சிக்னல் விளக்கைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். மூன்றாவதில் சீட் ஒரு பிடி பின்னால் இருந்தது. இரண்டு பக்கமும் ஹேண்டிலை ஒடித்தேன், பிரேக்கைச் செருப்புக் காலோடு அடிவரை மிதித்தேன். முட்டி எங்கும் இடிக்கவில்லை. அதையே எடுத்தேன். டீசல் வேண்டாம் என்றதற்குக் காரணம் எளிது. புதிதாக ஓட்டுகிறவனுக்கு மணலில் கிளட்சும் கியரும் சேர்ந்தால் கவனம் போதாது. மின்சார வண்டியில் முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும்.

காகித வேலையும் அதிகம் இல்லை. மின்கலத்தில் ஓடும் சரக்கு வண்டிக்கு 2018-இலிருந்து பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்குள் எல்.எம்.வி. என்கிற இலகுரக வாகன லைசென்ஸே சரக்கு வண்டிக்கும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. எல்.எல்.ஆர். போட்ட காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வியாபாரமும் குறைவு, குப்பத்து மணலிலும் ஆள் நடமாட்டம் குறைவு. கடலோரத்தில் தொழில் பழகுகிறவர்கள் வண்டி ஓட்டப் பழக இதைவிட நல்ல மாதங்கள் இல்லை.

செப்டம்பரில் ஒரு நாள், சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு எர்ணாவூர் பக்கம் இடது திருப்பத்தில் போனேன். வளைவில் ஒரு கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. திரும்பிக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். இடது பின் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. கீழே விழும்போது 'தொம்' என்ற சத்தம் முதுகுத்தண்டில் கேட்டது. கை நடுக்கம் அடங்கப் பத்து நிமிடம் ஓரமாக நின்றிருந்தேன்.

தண்டையார்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் முக்கோணம் போட்டார். முன்பக்கம் கூர், பின்பக்கம் அகலம். "தம்பி, நீ உட்காருறது இங்க" என்று கூர் முனைக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தார். "காலி வண்டில நீ மட்டுமே கால் பங்கு எடை. பிரேக் அடிச்சா அந்த எடை இன்னும் முன்னாடி வரும், திரும்பினா கோட்டைத் தாண்டிடும். லோடு இருந்தா பயமில்ல. காலியா இருந்தாத்தான் பயம்." ஒல்லியான ஓட்டுநர் காலி வண்டியில் செய்யும் திருப்பத்தை நான் செய்யக் கூடாது என்று அன்றுதான் விளங்கியது. அண்ணன் சொன்னதும் அதுதான்.

பாய் சொன்னபடி, பின் ஆக்சிலுக்கு மேலே இரண்டு 25 கிலோ மூட்டை நிரந்தரமாகப் போட்டேன். வண்டி உடனே மாறிவிட்டது. பின்பக்கம் குதிப்பதும் குறைந்தது. ஆனால் கைக்குக் கிடைத்தது என்று உப்பு மூட்டையைப் போட்டது பெரிய தப்பு. மழைக்காலத்தில் உப்பு கசிந்து, எட்டு மாதத்தில் தட்டின் அடித்தகடு பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தது. விரலால் அழுத்தினால் தகடு அமுங்கியது. டிங்கரிங் செலவு 6,500 ரூபாய். இப்போது அங்கே இருப்பது தார்ப்பாயில் சுற்றிய ஆற்று மணல்.

மணலுக்கு வருவோம். இந்த வண்டியின் டயர் மெலிசு, அண்ணனுடைய பலூன் டயர் போல மணலின் மேலே மிதக்காது. என் எடை முன்பக்கம் இருப்பதால் முன் சக்கரம்தான் முதலில் புதையும். புதைந்த பிறகு முறுக்க முறுக்கப் பின் சக்கரம் பள்ளம் தோண்டும். மின்சார மோட்டார் எடுத்த எடுப்பிலேயே முழு விசை கொடுப்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நான் செய்வது: மணலில் இறங்குமுன் பின் டயரில் 45 பாயிண்டை 30-க்கு இறக்குவேன், கை பம்பு வண்டியிலேயே இருக்கிறது. காலியாக இறங்கும்போது ரிவர்ஸில் இறங்குவேன், அகலமான பக்கம் வழி போட்டுக்கொண்டு போகும். சரக்கைப் பின்னால் தள்ளி ஏற்றி, முன் சக்கரம் லேசானதும் நேராக வெளியே வந்துவிடலாம். நடுவில் நிற்கவே கூடாது. புதைந்தால் ஈரக் கோணிப்பை போதும். ஒருமுறை அவசரத்தில் பழைய வலைத்துண்டைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். அது ஆக்சிலோடு சுருட்டிக்கொண்டு, ஆக்சில் இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கிழித்துவிட்டது. உள்ளே இருந்த கிரீஸில் மணல் சேர்ந்து, நாலே நாளில் திருப்பத்தில் 'டக் டக்' என்று சத்தம். நைலான் வலையைச் சக்கரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மணல் பேட்டரியையும் தின்கிறது. தார் ரோட்டில் மட்டும் ஓடினால் ஒரு சார்ஜுக்கு 85 கி.மீ. வருகிறது. குப்பத்துக்கு இரண்டு நடை இறங்கி ஏறிய நாளில் 60-ஐத் தாண்டுவதில்லை. விற்கும்போது சொன்ன கணக்கு இதைவிட அதிகம்.

நல்ல ரோட்டிலும் முன் சக்கரத்தை மறக்கக் கூடாது. கார்காரர் பள்ளத்தை நடுவில் விட்டுப் போவார், நமக்கு நடுவில்தான் சக்கரம். கன்டெய்னர் லாரிகள் அழுத்தி அழுத்தி எண்ணூர் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் தடம் குழிந்து நடுவில் வரப்பு மாதிரி எழும்பியிருக்கும் இடங்களில், வரப்பின் மேல் முன் சக்கரம் ஓடும்போது ஹேண்டில் கையில் ஆடும். முன் ஷாக் அப்சார்பர் 14,000 கிலோமீட்டரில் எண்ணெய் கசிந்தது, மாற்றினேன். சீட் ஃபோம் ஐந்தே மாதத்தில் பலகை ஆனது. குஷன் கடையில் அடர்த்தியான ஃபோமாகப் போட்டேன், 1,400 ரூபாய், இன்றும் நன்றாக இருக்கிறது. தினமும் ஒரே பக்கம் ஒரே கம்பியைப் பிடித்து ஏறுவதால் அந்தக் கம்பியின் பற்று விட்டுப்போனது. பாய் ஒரு பட்டையை வைத்து வெல்டு செய்து கொடுத்தார். பெரிய உடம்புக்காரர்கள் வண்டி எடுத்த வாரமே இதைச் செய்துகொள்ளலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வருமுன், 3-ஆம் தேதி மாலையே வண்டியை எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினேன். அதனால் பேட்டரி தப்பியது. வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தையே கறுப்பாக்கியது. தண்ணீர் வடிந்து வேலைக்கு இறங்கிய நாளில் டயரின் பக்கச்சுவரெல்லாம் கருப்புப் பிசின். பிரேக் டிரம்முக்குள் போய்விட்டதோ என்று மூன்று சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தோம். எனக்கு வண்டி போச்சே என்ற கவலை. அந்தக் குப்பத்து ஜனங்களுக்கு வலையும் படகும் போயின. பல வாரம் அங்கே வாங்க எனக்குச் சரக்கே இல்லை.

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். சீட்டில் உட்கார்ந்து பார்த்தார், அவருக்கு முட்டி இடித்தது. நெட்டுக்குப்பத்தில் மணலுக்குள் நின்ற வண்டி காலி. நான் எடுக்கப் பார்த்தேன், முன் சக்கரம் மெல்ல அமுங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்ப் பின் தட்டில், சரியாக ஆக்சிலுக்கு மேலே, மணல் மூட்டையின் மீது உட்கார்ந்தார். ரோடு வரைக்கும் ஐம்பதடி மணல்தான். முறுக்கினேன், மூக்கு எழும்பி நேராக வெளியே வந்தது.