மூட்டையாக வாங்குவதா, பொறுக்கி வாங்குவதா: பழைய ஆடை மறுவிற்பனையில் எதில் லாபம் மிஞ்சும்?

பழைய ஆடைகளை மறுவிற்பனை செய்ய இறங்குபவர் முதலில் கொள்முதல் முறையைத் தீர்மானிக்க வேண்டும். தரம் பிரித்துக் கட்டிய மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் எடைக்கு வாங்குவது ஒரு வழி. துணிகளைக் கையில் எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்குவது இன்னொரு வழி. இரண்டையும் செய்து பார்த்த பிறகு நான் பொறுக்கி வாங்குவதையே நிலையாகக் கொண்டேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மூட்டையில் உருப்படிக்கு ஆகும் விலை மிகக் குறைவு. சரக்கும் தடையின்றிக் கிடைக்கும். பொறுக்கி வாங்கினால் அலைச்சல் உண்டு, விலையும் கூடும். இவை எல்லோரும் அறிந்தவை. மூட்டையின் மேல் எழுதியிருக்கும் தரம் அதைப் பிரித்துக் கட்டியவரின் கணிப்பு மட்டுமே என்பதும், ஒருவரின் முதல் தரம் இன்னொருவரின் இரண்டாம் தரமாக இருக்கலாம் என்பதும் இத்தொழிலில் சில மாதங்கள் இருந்தாலே புரிந்துவிடும்.

முடிவைத் தீர்மானிப்பது ஒவ்வோர் உருப்படிக்கும் செலவாகும் கையுழைப்பு என்பதே என் உறுதியான கருத்து. இணையத்தில் விற்க வேண்டுமானால் ஒவ்வோர் ஆடையையும் சோதித்து, துவைத்து, கறை நீக்கி, இஸ்திரி போட்டு, மார்பு, தோள், நீளம் ஆகியவற்றை அளந்து, படம் எடுத்து, விவரம் எழுதி, விற்கும்வரை அடுக்கி வைத்து, பிறகு பொதிந்து அனுப்ப வேண்டும். அதிக விலைக்குப் போகும் சட்டைக்கும் அடிமட்ட விலைக்குப் போகும் சட்டைக்கும் இந்த வேலை ஏறத்தாழ ஒன்றுதான். சந்தையில் பரவலாகப் புழங்கும் 45 கிலோ மூட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு டி-ஷர்ட் 150 முதல் 200 கிராம் வரை இருக்கும் என்று வைத்தால், உள்ளே ஏறக்குறைய 250 உருப்படிகள் இருக்கும். ஒன்றுக்கு 20 நிமிடம் என்று கணக்கிட்டாலும் 80 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவற்றில் கணிசமானவை விற்காமல் தேங்கினால், அவற்றுக்குச் செலவான நேரத்தையும் விற்றவற்றின் லாபத்திலிருந்தே கழிக்க வேண்டும். மூட்டை மலிவு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்ப்பதில்லை.

விற்பனைத் தளங்களின் கட்டண முறையும் இந்தக் கணக்கை இறுக்குகிறது. பழைய ஆடைகளை விற்க உதவும் அமெரிக்க இணையத் தளமான போஷ்மார்க் ஒரு வரம்புக்குக் கீழான விலைக்கு நிலையான தொகையையும் அதற்கு மேல் 20 சதவீதத்தையும் எடுத்துக்கொள்கிறது. எனவே அந்த வரம்புக்குக் கீழே விலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பெரிய பங்கு தளத்துக்குப் போய்விடுகிறது. கட்டணத்தை வாங்குபவரிடம் வசூலிக்கும் விண்டட் போன்ற தளங்களில் இந்தச் சுமை இல்லை. ஆனால் அங்கும் படம் எடுப்பதும் அளப்பதும் பொதிவதும் குறைவதில்லை.

பொறுக்கும்போது இந்த உழைப்பு எதற்குப் போக வேண்டும் என்பதை வாங்கும் இடத்திலேயே தீர்மானித்துவிடலாம். காலரைத் திருப்பி, மடிப்பு விளிம்பில் நூல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்குளில் படிந்த மஞ்சள் கறை பெரும்பாலும் போகாது. ஜீன்ஸைத் தொடைப் பகுதியில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துணி எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியும். இடுப்பு எலாஸ்டிக்கைக் காதருகே இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே நொறுங்கும் ஓசை கேட்டால் அதை வாங்கக்கூடாது. தோல்போலத் தோன்றும் பாலியூரித்தேன் மேற்கோட்டுகளில் மேற்பூச்சு ஈரத்தால் சிதைந்து உரியத் தொடங்கியிருந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

கற்ற அறிவுக்குப் பணம் கிடைப்பதும் இந்த முறையில்தான். லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புப் பட்டையில் பெயர் முழுவதும் பேரெழுத்தில் இருந்தால் அது, பெயரில் உள்ள E எழுத்து 1971-இல் சிற்றெழுத்தாக மாறுவதற்கு முந்தைய, அதிக விலைக்குப் போகும் பழைய ஜீன்ஸாக இருக்க வாய்ப்பு உண்டு. பழைய பாணியில் பின்னாளில் வெளியிட்டவற்றிலும் அதே பட்டை வருவதால், உள்ளே சலவைக் குறிப்புச் சீட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1972 முதல் அந்தச் சீட்டு கட்டாயம். மூட்டையிலும் இத்தகைய ஜீன்ஸ் வரலாம் என்றாலும், மதிப்புள்ளவற்றைத் தரம் பிரிப்பவர்களே பெரும்பாலும் முன்கூட்டி எடுத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், குவித்து வைத்து நேரில் விற்பவருக்கு மூட்டையே ஏற்றது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அங்கே படம் இல்லை, அளவு இல்லை, விவரம் இல்லை. வாங்குபவரே புரட்டிப் பார்த்து, போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்கிறார். நான் இவ்வளவு அழுத்திச் சொன்ன கையுழைப்பில் பெரும்பகுதி அந்த வியாபாரத்தில் இல்லை. குழந்தைகளின் ஆடைகளை நான் அதிகம் கையாண்டதில்லை. அவற்றைச் செட்டாகச் சேர்த்து ஒரே படத்தில் விற்க முடிவதால் மூட்டைக் கணக்கு அங்கே தேறக்கூடும் என்று நினைக்கிறேன்.

பொறுக்கி வாங்கியதும் சில சமயம் தேங்கத்தான் செய்கிறது. அதனால் ஒவ்வொன்றிலும் வாங்கிய தேதியை எழுதிய சீட்டைக் கட்டி வைக்கிறேன். விலையை இரண்டு முறை குறைத்தும் போகாதவற்றைக் குவியல் வியாபாரிகளுக்கு எடைக்குக் கொடுத்துவிட்டு, அந்த அலமாரித் தட்டைப் புதிய சரக்குக்கு விடுகிறேன்.