ஒலிமாற்ற விதிகளோடு நான்கு ஆண்டுகள்: ஒரு புனைமொழி அனுபவம்

வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் உள்ள என் வீட்டில் 2021-ஆம் ஆண்டு முதல் ஒரு புனைமொழியை, அதாவது கற்பனை மொழியை, உருவாக்கி வருகிறேன். அறுநூறு மூலச் சொற்களை அமைத்து, அவை பல நூற்றாண்டுகள் பேச்சில் புழங்கியிருந்தால் மெய்யொலிகள் எவ்வாறு திரிந்திருக்கும் என்பதை விதிகளாக எழுதி, அவ்விதிகளை வரிசையாக இயக்கிக் காட்டும் இலவசச் செயலி ஒன்றில் நான்கு ஆண்டுகள் சோதித்திருக்கிறேன்.

முதலில் இடறியது எழுத்து. 'கி' என்பது கணினிக்குக் ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'க'வில் உள்ள அகரத்துக்கோ தனிக் குறியீடே இல்லை. ஆகவே இகரத்துக்கு முன் நிகழும் மாற்றம் சரியாக நடந்தது. அகரத்துக்கு எழுதிய விதி ஒரு சொல்லையும் தொடவில்லை. பட்டியல் முழுவதையும் உரோமன் எழுத்துக்கு மாற்றிய பின்பே வேலை நகர்ந்தது.

தொடக்கத்தில் என் விதிகளுக்கு நிபந்தனைகளே இல்லை. 'இ, எ ஆகியவற்றின் முன் ககரம் சகரமாகும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். தமிழ் 'செவி'யும் கன்னடக் 'கிவி'யும் இம்மாற்றத்துக்குச் சான்று என்றாலும், தமிழில் 'கெடு', 'கிளி', 'கேள்' ஆகியவை மாறவில்லை. அடுத்து வரும் நாவளை ஒலி (ட, ள, ழ போல நாநுனியை வளைத்து ஒலிப்பது) தடுத்துவிட்டது. தெலுங்கில் அத்தடை இல்லாததால் 'கெடு' அங்கே 'செடு' ஆயிற்று. இதே தடையை, என் மூலச் சொற்களிலிருந்து பிரியும் கிளைமொழிகளுள் ஒன்றுக்கு மட்டும் வைத்தபோதுதான் அவை உடன்பிறந்த மொழிகளைப் போல ஒலித்தன.

என்னை அதிகம் அலைக்கழித்தது விதிகளின் வரிசை. சொல்லிறுதி உயிர் மறையும் விதியை முன்னும், ககரம் சகரமாகும் விதியைப் பின்னும் வைத்திருந்ததால், என் மொழியின் 'நகி', 'நக' இரண்டுமே 'நக்' என்று முடிந்தன. இப்படி 47 சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சில மாதங்கள் கழித்து, தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் பழம் விற்கும் அக்கா, "தம்பி, அஞ்சு ரூபா சில்லற வச்சினுகீறியா?" (வைத்துக்கொண்டிருக்கிறாயா) என்று கேட்டார். 'வைத்து' முதலில் ஐகாரத்தால் சகரம் பெற்று, அதன் பிறகே ஐகாரம் அகரமாகியிருக்க வேண்டும்; இல்லையெனில் அது 'பத்து' போல 'வத்து' என்றே நின்றிருக்கும். 'ஐந்து' 'அஞ்சு' ஆனதும் அவ்வாறே. மாற்றத்தைத் தூண்டிய உயிர் மறைந்தும் அதன் தடம் மெய்யில் தங்கியிருக்கிறது. அன்றிரவே வரிசையைத் திருப்பினேன். 'நச்', 'நக்' எனச் சொற்கள் பிரிந்தன, மொழிக்குச் சொல்லிறுதிச் சகரமும் கிடைத்தது.

எல்லாக் கலப்பும் குறையாகாது. எங்கள் பகுதியில் பலர் பழத்தைப் 'பயம்' என்றே சொல்கிறார்கள். இடம் பொருளைக் காட்டிவிடுகிறது. ஆதலால் ழகரம் யகரமாகும் மாற்றத்தை என் மொழியிலும் சேர்த்து, 23-ஆவது, கடைசி விதியாக வைத்திருக்கிறேன். முன்னதாக வைத்தால் 'கீழ்' போன்ற சொற்களைக் காக்கும் நாவளைத் தடை அறுந்துவிடும்.