ஓட்டமும் வீசிங்கும்: ரெண்டு பம்பு, ஒரு ஸ்பேசர், ஒரு மீட்டர் – பல வருஷம் பாவிச்ச அனுபவம்

அவசரமா வாசிக்கிறவங்களுக்காக முடிவை முதல்லயே சொல்லிடுறேன். ஓடினா மூச்சு இழுக்கிற ஆஸ்துமாக்கார ஆளுக்கு, மூச்சை உடனே திறக்கிற நீலப் பம்பை (இன்ஹேலர்) விட, உள்ள வீக்கத்தைக் குறைக்கிற பிரவுண் பம்புதான் பெரிய சாமான். நீலத்தை அடிச்சா 5 நிமிஷத்துல நெஞ்சு லேசாகும், அதனால எல்லாருக்கும் அது மேலதான் பாசம். பிரவுணை அடிச்சா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, மறுநாளும் தெரியாது. சில வாரம் கழிச்சு ஒரு மேட்டை ஏறி முடிச்சு நிக்கிறப்போதான் "அட, இன்னைக்கு இருமலே வரலையே"ன்னு உறைக்கும். பொறுமை இல்லாதவங்க அதுக்குள்ள அதை அலுமாரி மேல தூக்கி வச்சிருப்பாங்க.

நான் இலங்கையில ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. ஸ்கூல் காலத்துல 1500 மீட்டர், பிறகு ரோட் ஓட்டம், இப்ப பின்னேரத்துல எங்க டிவிஷன் புள்ளைங்களையும் சேர்த்துக்கிட்டு ஓடுறேன். எனக்கு இழுப்பு பெரும்பாலும் ஓடுற நேரத்துல வராது. ஓடி முடிச்சு, தண்ணிப் போத்தலைத் திறக்கிற நேரம் பார்த்து வரும். முதல்ல தொண்டைக்குக் கீழ ஒரு அரிப்பு, அப்புறம் வறட்டு இருமல், அப்புறம் மூச்சை வெளிய விட முடியாத இறுக்கம், விசில் சத்தம். பார்க்கிறவங்க "தம் பத்தல"ன்னு முடிச்சிருவாங்க. அம்மாவுக்கு அது சத்துக் குறைவு, காலையில பச்சை முட்டை. பயிற்சி குடுத்த ஒரு சேருக்கு அது சோம்பேறித்தனம்.

ஆனா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறுங்கண்ணுக்கே தெரியும். தம் பத்தாத ஆள் நின்னதும் ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிருவாரு. இது நின்ன பிறகுதான் ஏறும். 5லிருந்து 15 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய், அரை மணி, ஒரு மணி நேரத்துல மெதுவா இறங்கும். விளையாட்டு மிஸ்மாரும் சேர்மாரும் இதை மட்டும் கவனிச்சாலே எத்தனையோ புள்ளைங்க திட்டு வாங்காம தப்பிக்கும்.

எங்க பக்கம் இதுக்கு ஒரே காரணம்தான் சொல்லுவாங்க: "பனி நெஞ்சுல இறங்கிருச்சு." குளிர்ந்த மூடுபனியில இருக்கிற ஈரம்தான் குத்தவாளின்னு நானும் ரொம்ப நாள் கேட்டு வளர்ந்தவ. விஷயம் நேர் எதிர். 10 டிகிரி குளிர்ல காத்து எவ்வளவு ஈரமா இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 9 கிராம் நீராவிக்கு மேல தாங்காது. அதே காத்து நெஞ்சுக்குள்ள போய் 37 டிகிரிக்குச் சூடாகிறப்போ அதுக்கு 44 கிராம் வேணும். மிச்சத்தை எங்க இருந்து எடுக்கும்? நம்ம மூச்சுக்குழாய்ச் சுவர்ல இருந்துதான். சும்மா நடக்கிறப்போ மூக்கு அந்த வேலையைப் பார்த்துக்கும். வேகமா ஓடுறப்போ வாயால அள்ளி அள்ளி இழுக்கிறோம், மூக்குக்கு அங்க வேலையே இல்ல. சுவர் மேல இருக்கிற மெல்லிய நீர்ப்படலம் வத்தி, உப்புச் செறிவு கூடி, அங்க இருக்கிற செல்கள் ஹிஸ்டமின் மாதிரிச் சாமானை எல்லாம் கொட்டும். உடனே குழாயைச் சுத்தி இருக்கிற தசை இறுகும். மூடுபனிக்குள்ள நனைஞ்சுக்கிட்டு ஓடினாலும் நுரையீரலுக்கு அது வறட்டுக் காத்துதான்.

கொழும்புல சுகததாச ஸ்டேடியத்துல ஓடினா வேர்வையில சட்டை பிழியலாம், மூச்சு மட்டும் சுகமா இருக்கும். 30 டிகிரிக் காத்து 30 கிராம் வரைக்கும் ஈரம் சுமந்துக்கிட்டு வருது, அவ்வளவுதான் கதை. அப்படியே நுவரெலியாவுக்கு ஏறுங்க, 1868 மீட்டர், ஜனவரி பெப்ரவரி விடியக்காலையில புல்லு மேல உறைபனி. ஒரே ஆள், ஒரே தூரம், ஆனா வேற நெஞ்சு.

மருந்துக்கு முன்னாடி மீட்டரைப் பத்திச் சொல்லணும், ஏன்னா அது வந்த பிறகுதான் வீட்டுல என்னை நம்பினாங்க. பீக் ஃப்ளோ மீட்டர், நம்மளால எவ்வளவு வேகமா காத்தை வெளிய ஊத முடியும்னு அளக்கிற ஒரு பிளாஸ்டிக் குழாய், பக்கத்துல அளவு, அதுல நகருற ஒரு சின்ன ஊசி. நின்னுக்கிட்டு, முழு மூச்சு இழுத்து, ஒரே ஊதல். மூணு தரம் ஊதி, கூடினதை எழுதணும். என்னோட நல்ல நாள் அளவு நிமிஷத்துக்கு 420 லீட்டர். கிளினிக் டொக்டர் சொன்ன மாதிரி ஓடுறதுக்கு முன்னாடி ஊதிட்டு, வேர்க்க விறுவிறுக்க 6லிருந்து 8 நிமிஷம் ஓடிட்டு, 5 நிமிஷத்துக்கு ஒருக்கா ஊதினேன். ஊசி 330ல நின்னுச்சு. சீ.ஆர். கொப்பியில கோடு போட்டு எழுதின அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு அப்பா ஒண்ணும் பேசல. அடுத்த நாள் பச்சை முட்டை நின்னுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில செய்ற ஸ்பைரோமெட்ரிங்கிற ஊதல் சோதனை இன்னும் துல்லியம். ஓட்டத்துக்குப் பிறகு முதல் செகண்ட்ல ஊதுற காத்து 10 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைஞ்சா ஓட்டத்தால வர்ற இழுப்புன்னு எடுப்பாங்க. மீட்டர் அதுக்கு ஈடு இல்ல. ஆனா வீட்டுல தினம் பார்க்க அதுதான் முடியும். காசு குடுத்து வாங்கினதுல நான் கொஞ்சமும் வருத்தப்படாத சாமான்.

இனி நீலம். சால்பியூட்டமோல், ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஓடுறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி ரெண்டு பஃப் அடிச்சா ரெண்டு மூணு மணி நேரம் காப்பாத்தும். நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் கொஞ்சம் வரும். ஸ்டார்ட்டிங் லைன்ல வர்ற நடுக்கத்தோட சேர்ந்துரும், பெரிசாத் தெரியாது. குறைன்னு சொன்னா, குளிர்ல அது சோம்பிரும். வெளிய பேக்குக்குள்ள கிடந்து சில்லிட்ட பம்பை அடிச்சா புகை மெலிஞ்சுதான் வரும், உள்ள இருக்கிற அழுத்தம் குறைஞ்சிருது. அதனால டிராக்சூட் உள்பையில, உடம்புச் சூட்டுல வச்சிருப்பேன். இன்னொண்ணு, எத்தனை பஃப் மிச்சம்னு காட்டுற நம்பர் இல்லாத பம்பு நம்மளை ஏமாத்தும். 200 முடிஞ்ச பிறகும் புகை மாதிரி ஏதோ வரும், மருந்து இருக்காது. தண்ணியில மிதக்க விட்டுப் பார்க்கிற பழைய வித்தையை நம்பாதீங்க. தொடங்கின திகதியை பேனாவால பம்பு மேலயே எழுதிடுங்க.

தினம் ஓடுறவங்க தினம் நீலம் அடிக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. போகப் போக அதோட பிடிப்பு தளரும். உள்ள இருக்கிற வீக்கத்தை அது தொடுறதே இல்ல. ஆஸ்துமாவுக்கு நீலத்தை மட்டும் குடுக்கக் கூடாதுன்னு கீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019ல இருந்து சொல்லுது. இப்ப சில டொக்டர்மார் வீக்கத்தைக் குறைக்கிற மருந்தும் மூச்சைத் திறக்கிற ஃபோர்மோட்டரோலும் சேர்ந்த ஒரே பம்பைக் குடுக்கிறாங்க. நான் அதைப் பாவிச்சது இல்ல, அதனால அதோட நிப்பாட்டுறேன்.

பிரவுண், பெக்லோமெத்தசோன். காலையிலயும் ராவையிலயும், பல்லு விளக்குறதுக்கு முன்னாடி. பம்பு அடிச்சு, வாய் கொப்பளிச்சு, பல்லு விளக்கினா மறக்கவே மறக்காது. கொப்பளிக்காம விட்டா நாக்குல வெள்ளை படியும், குரல் கரகரக்கும். "ஸ்டீரொயிட்"ன்னு கேட்டதும் எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) ஒரு மாநாடே நடந்துச்சு. "பொம்பளப் புள்ளைக்கு மீசை வந்துரும்"ன்னு பக்கத்து வீட்டு அத்தை சொல்ல, அம்மா பம்பை ஒளிச்சே வச்சிட்டாங்க. தசை வளர்க்கப் போடுறது வேற குடும்பத்து ஸ்டீரொயிட். இது மைக்ரோகிராம் கணக்குல நேரா மூச்சுக்குழாய்க்குப் போய் வீக்கத்தைக் குறைக்கிறது. மூணு மாசத்துக்குள்ள ஓட்டத்துக்கு முன்னாடி நீலம் அடிக்கிற தேவையே எனக்குப் பாதியாக் குறைஞ்சது. மீசையும் வரல.

ஸ்பேசரைப் பத்திப் பெருமையாச் சொல்ல அதோட தோற்றத்துல ஒண்ணும் இல்ல. பம்புக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டுற பெரிய பிளாஸ்டிக் முட்டை, பேக்குல பாதி இடத்தைப் பிடிக்கும், பஸ்ல எடுத்தா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. ஆனா நேரா வாய்ல அடிக்கிற மருந்துல பெரும்பகுதி தொண்டையில ஒட்டிக்கும். ஸ்பேசர் வழியா மெதுவா இழுத்து, 10 செகண்ட் அடக்கினா உள்ள போய்ச் சேரும். கழுவுறது சவர்க்காரத் தண்ணியில, துணியால துடைக்காம அப்படியே காய விடணும். துடைச்சா உள்ள மின்னேற்றம் வந்து மருந்து சுவர்ல ஒட்டிரும். வாங்க வசதி இல்லைன்னா 500 மில்லி பிளாஸ்டிக் போத்தலோட அடியில பம்பு வாய் இறுக்கமா நிக்கிற அளவுக்கு ஓட்டை போட்டு, காத்துப் போகாம அடைச்சுப் பாவிக்கலாம். தென்னாப்பிரிக்காவுல பிள்ளைங்க மேல சோதிச்சு, 1999ல வந்த ஆய்வுல அது கடைச் சாமானுக்குச் சமமா வேலை செஞ்சிருக்கு.

கெப்சூல் போட்டு இழுக்கிற பவுடர் கருவியும் கொஞ்ச காலம் வச்சிருந்தேன். மலைநாட்டு ஈரத்துக்கு அது சரிவரல. பட்டையில இருந்து பிரிச்சு வச்ச கெப்சூல் பிசுபிசுத்து, பவுடர் உள்ளேயே கட்டியா நிக்கும். அதோட அதை வேகமா, பலமா இழுக்கணும். மூச்சு இறுகின நேரத்துல அந்த பலத்துக்கு எங்க போறது? கீழ் நாட்டுல இருக்கிறவங்களுக்கு ஒத்துப் போகலாம்.

காசே இல்லாத மருந்து ஒண்ணு இருக்கு, வார்ம்-அப். சும்மா கைகால் ஆட்டுறது இல்ல. கால் மணி நேரம் மெல்ல ஓடி, நடுவுல அரை நிமிஷம் அரை நிமிஷமா ஏழெட்டுத் தரம் வேகமா ஓடணும். நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்து ஏத்தத்துல செய்வேன். இப்படிச் செஞ்சா கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அடுத்த ரெண்டு மணி நேரம் போல இழுப்பு வராத ஒரு இடைவெளி கிடைக்கும். எனக்குக் கிடைக்குது, என்னோட ஓடுற ஒரு தங்கச்சிக்குக் கிடைக்கல. வாயையும் மூக்கையும் மூடி ஒரு மஃப்ளர் கட்டினா விடுற மூச்சோட சூடும் ஈரமும் திரும்ப உள்ள வரும். முதல் ஒரு கிலோமீட்டருக்கு அது போதும்.

புகையைச் சொல்லாம விட முடியாது. விறகடுப்பு எரியிற நேரத்துல லயத்து வரிசை ஓரமா ஓடுற நாள்ல மீட்டர் கட்டாயம் இறங்கும், அதனால அடுப்பு மூட்டுறதுக்கு முன்னாடியே ஓடி முடிச்சிருவோம். அப்பா ஃபெக்டரியில சலிக்கிற ரூம்ல வேலை பார்த்தவரு, இருமிக்கிட்டே வருவாரு. தேயிலைத் தூசியால வர்ற ஆஸ்துமாவைப் பத்தி நம்ம நாட்டு டொக்டர் சி. ஜி. உறகொட 1970லேயே எழுதிட்டாரு. அப்பாகிட்ட யாரும் அதைச் சொல்லல.

மாகாணம், தேசியம்னு போகிற புள்ளைங்களோட அம்மா அப்பா இதைக் கட்டாயம் வாசிக்கணும். மருந்துக் கட்டுப்பாடு பம்புக்கு ஒரு மாதிரி, குளிசைக்கு ஒரு மாதிரி. வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) விதிப்படி பம்பு மூலம் சால்பியூட்டமோல் 24 மணி நேரத்துக்கு 1600 மைக்ரோகிராம் வரைக்கும், அதுலயும் எந்த 8 மணி நேரத்துலயும் 600க்கு மேல போகாம எடுக்கலாம். அதாவது 8 மணி நேரத்துக்கு 6 பஃப். பிரவுண் பம்புக்குத் தடை இல்ல. ஆனா அதே சால்பியூட்டமோலைக் குளிசையாவோ பாணியாவோ எடுத்தா தடை. இழுப்பு கூடினா குடுக்கிற பிரெட்னிசலோன் குளிசை போட்டி நேரத்துல தடை, நீலம் மாதிரியே வேலை செய்ற டெர்பியூட்டலின் பம்புக்கும் முன் அனுமதி வேணும். எங்க குழுவுல ஒரு புள்ளைக்குப் போட்டிக்கு முதல் நாள் பக்கத்து டிஸ்பென்சரி ஒண்ணுல சால்பியூட்டமோல் குளிசையைக் கட்டிக் குடுத்துட்டாங்க. "போட்டிக்குப் போறேன்"னு அவ சொல்லல, அவங்களும் கேக்கல. நல்ல வேளை, போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டினா.

"வீசிங் உள்ள புள்ள ஓடலாமா?"ன்னு கேக்கிறவங்களுக்கு நான் சொல்ற பேரு பவுலா ராட்கிளிஃப். சின்ன வயசுலயே ஆஸ்துமா. 2003 லண்டன் மரதன்ல 2 மணி 15 நிமிஷம் 25 செகண்ட், பல வருஷம் அது உலக சாதனை.

ஒரு எச்சரிக்கை, எல்லா இழுப்பும் ஆஸ்துமா இல்ல. சத்தம் மூச்சை உள்ள இழுக்கிறப்போ, தொண்டையில இருந்து வந்து, ஓட்டத்தோட உச்சத்துல ஏறி, நின்ன உடனே அடங்கினா குரல்வளை சுருங்குறதா இருக்கலாம். அதுக்கு எத்தனை பம்பு அடிச்சாலும் கேக்காது. அதுக்குச் செய்ற மூச்சுப் பயிற்சி வேற, பார்க்க வேண்டிய டொக்டரும் வேற.

கடைசியா, ஓடாத நாள். காலையில மீட்டர் என்னோட நல்ல அளவுல 80 சதவீதத்துக்குக் கீழ இருந்தா வேக ஓட்டம் கிடையாது. பாதிக்குக் கீழ போனா, இல்ல ஒரு வசனத்தை முழுசாப் பேச முடியலைன்னா அது ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். 1990க்கு அடிச்சா சுவசெரிய ஆம்புலன்ஸ் காசில்லாம வரும். ஆனா எங்க டிவிஷன் ரோட்டுல அது ஏறி வர நேரம் பிடிக்கும். அதனால டொக்டர் எழுதித் தந்த திட்டப்படி ஸ்பேசர்ல நீலத்தை அடிச்சுக்கிட்டே, தெரிஞ்ச ஆட்டோ ஒண்ணைப் பிடிச்சு மெயின் ரோட்டுக்கு இறங்கி, அங்க வச்சு ஆம்புலன்ஸ்ல ஏறிக்கிறோம். ஆட்டோ அண்ணன் நம்பர் என்னோட போன்ல மட்டும் இல்ல, எங்களோட ஓடுற எல்லாப் புள்ளைங்க வீட்டுலயும் இருக்கு.