சின்னவனுக்கு எட்டாமல், பெரியவளுக்கு எட்டும்படி: மலை வீட்டுக் கதவுகளுக்கு எது சரி?

குழந்தைப் பாதுகாப்புப் பொருட்களை விற்பவர்கள் வீட்டில் ஒரே ஒரு குழந்தைதான் இருக்கும் என்ற எண்ணத்தில் பேசுகிறார்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டின் சிக்கல் வேறு. எங்கள் வீடு கோத்தகிரியில். சின்னவனுக்கு இரண்டு வயது, பெரியவளுக்கு எட்டு. ராத்திரி அவள் தானாக எழுந்து பாத்ரூம் போய்வர வேண்டும், அவன் போகவே கூடாது. அவள் பள்ளிவிட்டு வந்து வாசல் கதவைத் திறப்பாள், அவன் அதன் வழியாக வெளியே இறங்கிவிடக் கூடாது. அதனால் எந்தப் பூட்டைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். பெரியவளால் இதைத் திறக்க முடியுமா? திறந்த பிறகு மறக்காமல் மூடுவாளா? இவற்றோடு மூன்றாவதாக மலைக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு: மழைக்காலத்திலும் இது வேலை செய்யுமா?

மூன்றாவது கேள்வியிலேயே கடைச் சரக்கில் பாதி விழுந்துவிடும். மரக்கதவு ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் ஊதும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் தொடங்கியே இந்தத் தொல்லை வரும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது. ஊதிய கதவை ஆசாரி இழைத்துக் கொடுப்பார், தை மாசி வந்தால் அதே கதவு சுருங்கி இடைவெளி விடும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பிடிக்காத பூட்டுகளுக்கு இப்படிப்பட்ட கதவில் வேலையில்லை.

பசையால் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை, காந்தப் பூட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். துளை போட வேண்டாம், வாடகை வீட்டுக்கு ஏற்றது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வகைப் பசை சரியாகப் பிடிக்க, பரப்பு காய்ந்திருக்க வேண்டும், வெப்பமும் பொதுவாக 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மார்கழிக் காலையில் உறைபனி விழும் ஊரில் ஒட்டினால் மேலோட்டமாகத்தான் நிற்கும். ஈரம் வியர்க்கும் சுவரில் அதுவும் இல்லை. அலமாரிக்கும் மேசை டிராயருக்கும் வாங்கலாம். நல்ல வெயில் நாளில் ஒட்டி, ஒரு நாள் தொடாமல் விட்டால் நிற்கும். அறைக் கதவை இதை நம்பி விடாதீர்கள்.

உருண்டைக் கைப்பிடிக்கு மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நம் வீடுகளில் இருப்பது நீளக் கைப்பிடியும் தாழ்ப்பாளும்தான்.

தடுப்பு கேட் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். இதில் இரண்டு வகை. ஒன்று, இருபுறமும் திருகி அழுத்தி நிறுத்துவது. மற்றது, நிலைச்சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டுவது. மாடிப்படியின் மேல்முனையில் முதல் வகையை வைக்கவே கூடாது. குழந்தை சாய்ந்து தள்ளினால் நழுவலாம், அதோடு கீழே ஒரு சட்டம் குறுக்கே ஓடுவதால் பெரியவர்களே தடுக்கி விழலாம். பழைய பங்களாக்களில் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் அழுத்தத்தில் பொடிந்து உள்வாங்கும். மரச்சட்டத்துக்கு நடுவில் நிறுத்தினால் மட்டும் பரவாயில்லை. இந்த கேட்டுகளுக்கான ஐரோப்பியத் தரநிலை 24 மாதம் வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆக, எங்கள் சின்னவன் வயதில் அதன் காலம் முடியத் தொடங்குகிறது. பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம்: அழுத்திக்கொண்டே தூக்கித் திறக்கும் கேட் அவர்களுக்குச் சலிப்பைத் தரும், ஏறித் தாண்டத் தொடங்குவார்கள். அதைப் பார்க்கும் தம்பி அடுத்த நாளே ஏறப் பார்ப்பான்.

இதே வேலைக்கு நான் தேர்ந்தெடுப்பது அரைக்கதவு. சில்வர் ஓக் பலகையோ வேறு எதுவோ, மூன்றடி உயரத்தில் ஆசாரி அடித்துக் கொடுப்பார். சொல்ல வேண்டிய குறிப்புகள் இரண்டு. பலகைகள் நெடுக்காக நிற்க வேண்டும், குழந்தையின் பக்கம் கால் வைத்து ஏறக் குறுக்குச்சட்டம் இருக்கக் கூடாது. தாழ்ப்பாள் குழந்தை நிற்கும் பக்கத்துக்கு மறுபக்கம், மேல்விளிம்பிலிருந்து ஒன்றரை அடி கீழே இருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை எட்டிக் குனிந்து திறந்துவிடும். இரண்டு வயதுக் கை அவ்வளவு தூரம் இறங்காது. சமையலறைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சின்னவனால் அடுப்பருகே வர முடியாது, ஆனால் அம்மா கண்ணில் படுவதால் அழவும் மாட்டான். தாழ்ப்பாள் பக்க விளிம்பில் கால் அங்குலம் இடம் விடச் சொல்லுங்கள், மழையில் ஊதினாலும் உரசாது.

ஆனால் வாசலுக்கும் பின்கட்டுக்கும் அரைக்கதவு போதாது. குரங்கு உள்ளே வரும். காட்டெருமை தேயிலைத் தோட்டத்திலிருந்து தெருவுக்கே இறங்குகிற ஊரில், அந்தியில் கரடி நடமாடும் ஊரில், வெளிக்கதவு முழுதாக மூடித் தாழிட்டே இருக்க வேண்டும்.

அங்கேதான் உயரக் கொக்கி. கதவில் கொக்கி, நிலையில் வளையம், ஹார்டுவேர் கடையில் மிகக் குறைந்த செலவு. உயரக் கணக்கு முக்கியம். இரண்டு வயதுக் குழந்தை நுனிக்காலில் நின்று கையை நீட்டினால் சுமார் மூன்றரை அடி எட்டும், மூன்று வயதில் நாலடியை நெருங்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்தடி எட்டும். ஆகவே நாலரை அடி. அதற்கும் மேலே, கதவு உச்சியில் போடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. தீப்பிடித்தாலோ புகை சூழ்ந்தாலோ பெரிய பிள்ளை தானாகத் திறந்து தம்பியையும் இழுத்துக்கொண்டு வெளியேற வேண்டுமே. கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையே கொஞ்சம் ஆட்டம் இருப்பதால் கதவு ஊதினாலும் சுருங்கினாலும் மாட்டிவிடலாம். செங்குத்துத் தாழ்ப்பாளில் அந்த வசதி இல்லை, துளை தள்ளிப்போனால் ஆறு மாதம் பூட்டவே முடியாது. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், இரும்பு துருப்பிடித்து இறுகிவிடும். பொருத்திய பிறகு வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல்களைப் பாருங்கள். ஒன்றரை அடி ஸ்டூலில் ஏறினால் மேலே சொன்ன கணக்கு முழுக்கத் தவறிவிடும்.

படுக்கையறைக் கதவை ராத்திரி வெளியிலிருந்து தாழிடும் வழக்கத்தை எந்த வயதுக்கும் ஏற்க மாட்டேன். குளிர்கால மலை வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளியே தாழிட்ட அறையில் அது சேர்ந்தால் பிள்ளை வெளியேறவும் வழியில்லை. அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம்.

பாத்ரூம் கதவில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. பல நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருக்களில் வாளியும் டிரம்மும் எப்போதும் நிறைந்திருக்கும். கைக்குழந்தை மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். அதனால் வெளியே நாலரை அடியில் கொக்கி வேண்டும். ஆனால் சின்னவன் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டால்? உள்தாழ்ப்பாளையும் அதே உயரத்துக்கு மாற்றுங்கள். புதுக் கதவாக இருந்தால் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டு கிடைக்கிறது, அது இன்னும் நல்லது. பெரியவளுக்குத் தனிமையும் கிடைக்கும். வெளியே வரும்போது கொக்கி போட அவள் மறப்பாள், எட்டு வயதில் அது இயல்பு. அதைப் பழக்கத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது. டிரம்முக்கு இறுக்கமான மூடியும், வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்ப்பதும் அவசியம்.

மறதிக்கு மருந்தாகத் தானாக மூடும் ஹைட்ராலிக் குளோசரைப் பலர் சொல்கிறார்கள். வாசலுக்கு ஒத்துவரும். ஆனால் குளிரில் உள்ளே இருக்கும் எண்ணெய் கெட்டியாகிக் கதவு மெதுவாக மூடும், சில நாள் தாழ் விழுமளவுக்கே வராது. குளோசரின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்க்ரூவைப் பருவத்துக்கு ஒருமுறை திருப்பிச் சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் விரல் சிக்கும்.

விரல் என்றால் கீல் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கைப்பிடிப் பக்கத்தைவிட அங்கே அழுத்தம் பல மடங்கு, விரலை நசுக்கிவிடும். ஆடி மாதக் காற்றில் எங்கள் வீட்டுக் கதவுகள் அறைந்துகொள்ளும் வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். கீல் இடுக்கை மறைக்கும் வளையும் பட்டையை உள்ளறைக் கதவுகளுக்குப் போடுவது செலவழிக்கத் தகுந்த ஒன்று. கதவு முழுக்க மூடாதபடி அதன் விளிம்பின் நடுவில் மாட்டும் நுரைத் துண்டைப் பிள்ளை கடித்துப் பிய்க்கும், அதைக் கதவின் உச்சியில் மாட்டுங்கள். இல்லையென்றால் மடித்த குளியல் துண்டைக் கதவின் மேலே போட்டாலும் கதவு முழுக்க அறையாது.

எங்கள் வீட்டில் இப்போதைய நிலவரம்: சமையலறைக்கு அரைக்கதவு, வாசலுக்கும் பின்கதவுக்கும் பாத்ரூமுக்கும் நாலரை அடியில் கொக்கி, உள்ளறைகளுக்குக் கீல் பட்டை. சின்னவனுக்கு நாலு வயது ஆகும்போது கொக்கிகளை அரையடி மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அதற்குள் பெரியவளும் வளர்ந்திருப்பாள், அந்த உயரமும் அவளுக்கு எட்டும்.