சொந்தக் குழுவா, வெளி நிறுவனமா, ஆயத்த ஈஆர்பியா? பெரிய நிறுவனங்களுக்கான ஓர் ஒப்பீட்டு அலசல்

அம்பத்தூரிலோ ஒரகடத்திலோ பெரிய ஆலை நடத்தும் ஒரு நிறுவனம் தனக்கென்று மென்பொருள் தேவை என்று சொல்லத் தொடங்கியதும் அதன் மேசைக்கு மூன்று வகையான விலைப்புள்ளிகள் வந்து சேர்கின்றன. கணக்கு, கொள்முதல், சம்பளம் என எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் மென்பொருளான ஈஆர்பியை ஆயத்தமாக வாங்கித் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளச் சொல்வது ஒன்று. பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் வைத்திருக்கும் சேவை நிறுவனம் அடியிலிருந்து எழுதித் தருவதாகச் சொல்வது இன்னொன்று. ஆட்களை எடுத்து நாமே எழுதிக்கொள்ளலாம் என்று ஐடி பிரிவின் தலைவர் போட்டுக் காட்டும் கணக்கு மூன்றாவது. இயக்குநர் குழு இம்மூன்றின் கடைசி வரித் தொகையைப் பார்த்தே முடிவெடுக்கப் பழகியிருக்கிறது. அந்தத் தொகை, மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும் கோ-லைவ் நாள் வரையிலான செலவை மட்டுமே சொல்கிறது. இத்தகைய மென்பொருள் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடும் என்பதால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் யார் முடிவு செய்கிறார், யார் எழுதுகிறார், எவ்வளவு பிடிக்கும் என்பதை வைத்தே இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஒரே கொட்டகையிலிருந்து மூன்று வாகன நிறுவனங்களுக்குச் சரக்கு போகிறது. ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் ஒட்டும் லேபிளின் அமைப்பு வேறு, ஒரு சரக்குத் தொட்டியில் அடுக்க வேண்டிய எண்ணிக்கை வேறு, லாரி கிளம்புமுன் அனுப்புகை விவரத்தைப் பதிய வேண்டிய இணையதளமும் வேறு. இதற்கு மேல் விலைத் திருத்தம் இருக்கிறது: எஃகு விலை ஏறியதை ஏற்று வாகன நிறுவனம் ஜூலையில் அனுப்பும் கடிதம், புதிய விலை ஏப்ரல் 1 முதலே செல்லும் என்று சொல்லும். இடைப்பட்ட காலத்தில் போன ஒவ்வொரு இன்வாய்ஸையும் எடுத்து, வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்தக் கூடுதல் தொகைக்குச் சப்ளிமென்டரி இன்வாய்ஸ் போட வேண்டும். விலை இறங்கியிருந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட். எக்செல் கோப்பில் இதைச் செய்யும் எழுத்தர் விடுப்பு எடுத்தால் அந்த மாத வசூலே தள்ளிப்போகும். மூன்று வழிகளுக்கும் இந்தப் பிரிவையே உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம்.

ஆயத்த ஈஆர்பியின் உண்மையான பலம் சட்ட மாற்றங்களில் தெரிகிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமான மின் இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது. இவற்றை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொதுவாக ஒருமுறை எழுதிக் கொடுப்பவரிடம் வாங்குவதே சிக்கனம். தனி ஆலை ஒன்று இதைத் தானே எழுதுவது வீண். ஆனால் நிறுவனத்தின் பழக்கம் மென்பொருளின் அடிப்படைக் கருத்தோடு மோதும் இடத்தில் கதை மாறுகிறது. ஜெர்மனியின் லிடில் சில்லறை வணிக நிறுவனம் ஏழு ஆண்டு உழைப்புக்கும், செய்திகளின் மதிப்பீட்டில் சுமார் 50 கோடி யூரோ செலவுக்கும் பிறகு, 2018இல் எஸ்ஏபி என்ற ஆயத்த ஈஆர்பியைப் பொருத்தும் திட்டத்தைக் கைவிட்டது. சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம், விற்பனை விலையில் மதிப்பிடுவது அந்த மென்பொருளின் வழக்கம் என்பதும், நிறுவனம் தன் வழக்கத்தை விட மறுத்ததும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நம் டெஸ்பாட்ச் பிரிவும் இதே இடத்தில்தான் நிற்கிறது. மூன்று வாகன நிறுவனங்களின் லேபிளுக்காகவும் முன்தேதியிட்ட விலைத் திருத்தத்துக்காகவும் ஈஆர்பிக்குள் கூடுதலாக எழுதப்படும் சொந்த நிரல்களான இசட் புரோகிராம்கள் அடுத்த பதிப்புக்கு மாறும்போது கழுத்தைப் பிடிக்கும். எஸ்ஏபியின் பழைய ஈசிசி பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியில் முடிவதால், எந்த இசட் புரோகிராம் எதற்காக எழுதப்பட்டது என்று தெரியாத நிறுவனங்களுக்கு இப்போது தலைவலி.

சேவை நிறுவனத்திடம் கொடுப்பதில் பேச்சு உடனே ஒப்பந்த வகைக்குப் போய்விடும், போகவும் வேண்டும். நிலையான விலை ஒப்பந்தம் நிதிப் பிரிவுக்குப் பிடிக்கும், ஏனெனில் தொகை முன்கூட்டியே தெரிகிறது. அதற்கு ஈடாக, தேவைகள் எல்லாவற்றையும் எஸ்ஆர்எஸ் என்ற தடித்த ஆவணத்தில் முதலிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதில் கையெழுத்திடும் பிரிவுத் தலைவர்களில் எத்தனை பேர் முழுதும் படிக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது என்று படிப்படியாக இறங்கும் இந்த முறையைப் படம் போட்டுக் காட்டியவராக அறியப்படும் வின்ஸ்டன் ராய்ஸ், 1970இல் வெளியிட்ட அதே கட்டுரையில், சோதனை கடைசியில் மட்டும் வருவதால் இது ஆபத்தானது என்றும் எழுதியிருந்தார். படத்தை எடுத்துக்கொண்ட உலகம் எச்சரிக்கையை விட்டுவிட்டது. நம் ஆலையில் விலைத் திருத்த விதி, பயன்படுத்துவோரே சோதித்துப் பார்க்கும் யூஏடி நடக்கும்போதுதான் வெளியே வரும், ஏனெனில் எழுத்தருக்கு அது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. உடனே சேஞ்ச் ரிக்வெஸ்ட் எனும் மாற்றக் கோரிக்கை, அதற்குத் தனி விலை, தனிக் காலக்கெடு. குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவர் லாபத்தை இங்கேதான் எடுக்கிறார்.

ஆட்களின் நேரத்துக்குப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் இந்தச் சண்டையைத் தவிர்க்கிறது. ஆனால் கொடுப்பவர் பக்கத்தில் முடிவெடுக்கும் ஆள் இல்லாவிட்டால் மாதந்தோறும் பில் மட்டும் ஒழுங்காக வரும். அமெரிக்காவின் எஃப்பிஐ, வழக்குக் கோப்புகளுக்கான மென்பொருளை, ஆன செலவைத் திருப்பித் தரும் வகை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, 800 பக்கத்துக்கு மேற்பட்ட தேவை ஆவணமும் ஓயாத மாற்றங்களுமாகப் போய், சுமார் 17 கோடி டாலர் செலவான நிலையில் 2005இல் கைவிட்டது. அடுத்து வந்த சென்டினல் திட்டத்தையும் வெளி நிறுவனத்திடமே கொடுத்தது. 2010இல் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, சிறு குழுவோடு குறுகிய கட்டங்களாகப் பிரித்து, 2012இல் முடித்தது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளே வந்த பிறகுதான் அந்த வேலை நகர்ந்தது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

சொந்தக் குழுவுக்கு நம் நாட்டில் காட்டத்தக்க சான்று ரயில்வே. 1980களில் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு முதலில் பொதுத்துறையின் சிஎம்சி நிறுவனம் எழுதிய மென்பொருளில் ஓடியது. 1986இல் ரயில்வே தனக்கென நிறுவிய கிரிஸ் என்ற மென்பொருள் அமைப்பு பின்னர் எழுதிய கான்சர்ட் மென்பொருள் அதன் இடத்துக்கு வந்தது, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்து முன்பதிவுக் கவுன்ட்டர் உட்பட. ஆயினும் ரயில்வேக்கு முடிந்தது உதிரிபாக ஆலைக்கு முடியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆலையின் சம்பளப் படிநிலையில் நல்ல டெவலப்பரைச் சேர்த்தால், சில வருடங்களில் தரமணியிலோ சிறுசேரியிலோ உள்ள ஐடி நிறுவனம் அவரை இழுத்துக்கொள்ளும். நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நடக்கும் கேடி எனும் அறிவுக் கைமாற்றத்தில் முன்தேதி விலைத் திருத்தத்தின் நுணுக்கம் கைமாறுவது அரிது.

அதிகம் நிரல் எழுதாமலே மென்பொருளை அமைத்துக்கொள்ளும் லோ-கோட் வழியையும் சொல்லாமல் விட முடியாது. சென்னையையே தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கிரியேட்டர் 2006 முதல் இருக்கிறது. கேட் பாஸ், விடுப்பு, கொள்முதல் ஒப்புதல் போன்றவற்றுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. அதற்கென்றே உள்ள டெலூஜ் மொழியில் எழுதிய நிரல்களை வேறு தளத்துக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது என்பதால் டெஸ்பாட்ச் போன்ற உயிர்நாடிப் பிரிவை அதில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே நம் ஆலைக்கு நான் பரிந்துரைப்பது கலவை வழி: கணக்கு, சம்பளம், ஜிஎஸ்டி ஆகியவை அதிகம் மாற்றாத ஆயத்த ஈஆர்பியில் இருக்கட்டும், டெஸ்பாட்சும் விலைத் திருத்தமும் தனியாக எழுதப்பட்டு ஈஆர்பியோடு பேசட்டும். எழுதுவது வெளி நிறுவனமாக இருக்கலாம், நேர அடிப்படையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொட்டகையில் ஓடவிட்டுக் காட்டும் நிபந்தனையோடு. நிறுவனத்தின் பக்கம் முடிவு சொல்ல வேண்டியவர் டெஸ்பாட்சிலேயே வேலை பார்த்தவராக இருக்க வேண்டும்; அவரது பழைய வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவரோடு சொந்தச் சம்பளத்தில் இரண்டு டெவலப்பர்கள் முதல் நாளிலிருந்தே அந்தக் குழுவில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

இந்த வழியில் ஒப்பந்தத்தின் ஒரு பத்திக்குத் தனிக் கவனம் தேவை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் இலக்கியப் படைப்பு வகையைச் சேரும். ஊழியர் பணியின்போது எழுதியதற்கு, மாற்று உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர்; வெளி நிறுவனம் எழுதிக் கொடுத்தால், பணம் கொடுத்ததனால் மட்டும் உரிமை வந்துவிடாது, கையெழுத்திட்ட எழுத்துபூர்வமான உரிமை மாற்றம் வேண்டும். அந்த ஆவணத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் ஆலை உள்ள நிறுவனங்களுக்கு இந்த இரண்டாவது வரியே போதும் சிக்கலுக்கு. கூடவே, சோர்ஸ் கோட் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் சேமிக்கப்பட வேண்டும் என்றும், ஒவ்வொரு காலாண்டும் நிறுவனத்தின் டெவலப்பர் வெளியார் உதவியின்றி அதைப் புதிய சர்வரில் நிறுவி ஓட்டிக் காட்டிய பிறகே அந்தக் காலாண்டின் கடைசித் தவணை விடுவிக்கப்படும் என்றும் எழுதிவிட வேண்டும்.