பைப்வயர்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 12ஆம் பதிப்பு காலத்திலிருந்து என் வொர்க்ஸ்டேஷனில் எல்லா ஒலியும், புரோகிராம்களுக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் பைப்வயர் என்ற சர்வர் வழியாகத்தான் போகிறது. பகலில் பிரவுசரில் மீட்டிங், மாலையில் ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் குரல் பதிவு, இடையில் பாட்டு. இப்போது டெபியன் 13. திரும்ப பழைய ஏற்பாட்டுக்குப் போவேனா என்று கேட்டால், மாட்டேன். ஆனால் இதை நிறுவியதும் மறந்துவிடலாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கோளாறு வரும். வந்தால் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

பழைய ஏற்பாட்டை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். டெஸ்க்டாப்புக்குப் பல்ஸ்ஆடியோ, ஸ்டூடியோ வேலைக்கு ஜாக் என்று இரண்டு ஒலி சர்வர்கள். இரண்டுக்கும் ஒரே சவுண்ட் கார்டு வேண்டும். ஜாக் கார்டைப் பிடித்துக்கொண்டால் பிரவுசர் ஊமை. நடுவே பாலம் போட ஒரு மாட்யூல் இருந்தது. அது ஒழுங்காக ஓடிய நாள் நல்ல நாள். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டில் இருக்கும் விம் டேமன்ஸ் பைப்வயரை முதலில் வீடியோவுக்காகத்தான் தொடங்கினார். பிறகு ஒலியும் உள்ளே வந்தது. 2021இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு இதையே இயல்பான ஒலி சர்வராக வைத்தது. 1.0 பதிப்பு வந்தது 2023 நவம்பரில். பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய புரோகிராம், ஜாக்குக்காக எழுதிய புரோகிராம் இரண்டும் தங்கள் பழைய சர்வரோடுதான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டே இதோடு ஓடுகின்றன. அந்த ஏமாற்று வேலையைக் கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள்.

சரி, கோளாறுக்கு வருவோம். 'படபட' என்று ஒலி உடைந்தால் இணையத்தில் கிடைக்கும் பழைய கான்ஃபிக் ஃபைல்களை அள்ளிக்கொண்டு வந்து போடுவதுதான் வழக்கம். அதற்கு முன் டெர்மினலில் பிடபிள்யூ-டாப் என்ற கட்டளையை ஓட்டிவிட்டு, ஒலி உடையும் வரை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு வரி இருக்கும். மூன்று நெடுவரிசைகளைப் பார்த்தால் போதும்: குவாண்டம் (ஒரு சுற்றில் கையாளும் சாம்பிள், அதாவது ஒலித்துணுக்குகளின் எண்ணிக்கை), பிஸி (அந்தச் சுற்றில் வேலைக்குப் பிடித்த நேரம்), எரர் (தவறிய தடவைகள்). எரர் எண் எந்த வரியில் ஏறுகிறதோ அங்கேதான் விஷயம். ஒரு புரோகிராமின் வரியில் மட்டும் ஏறினால் அந்தப் புரோகிராமால் நேரத்துக்கு வேலையை முடிக்க முடியவில்லை. கார்டின் வரியிலும் சேர்ந்து ஏறினால் மொத்தச் சுற்றுமே தாமதமாகிறது என்று அர்த்தம்.

என் மெஷினில் மீட்டிங் நேரத்தில் மட்டும் ஒலி உடைந்துகொண்டிருந்தது. திரையைப் பார்த்தால், பாட்டு மட்டும் ஓடும்போது 1024 என்று இருந்த குவாண்டம் மீட்டிங் தொடங்கியதும் 128க்கு இறங்குகிறது. காரணம் எளிது. எந்தப் புரோகிராம் மிகச் சின்ன பஃபரை, அதாவது மிகச் சின்ன குவாண்டத்தைக் கேட்கிறதோ, அதன் வேகத்துக்கே அந்தக் கார்டில் ஓடும் எல்லாமும் ஓட வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் வீடே ஓட வேண்டிய கதைதான். கான்ஃபிக்கில் குறைந்தபட்ச குவாண்டத்தை 256 என்று கட்டிப்போட்டேன். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நல்லது. நொடிக்கு 48,000 சாம்பிள். 1024 குவாண்டம் என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 21 மில்லிநொடி, 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7. யூஎஸ்பி கார்டின் சொந்தத் தாமதம் இதற்கு மேல். எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெருமை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளேயே கிட்டார் ஆம்ப் ஓட்டுபவருக்கும் கீபோர்டை வாசிப்பவருக்கும் அது நிஜமாகவே தேவை. குரல் பதிவு செய்பவருக்கு எதற்கு? மைக்கைச் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். பட்டனை அழுத்திவிட்டு 1024இலேயே நிம்மதியாகப் பதிவு செய்யலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்தது 'டப்' சத்தம். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு ஏதாவது ஒலித்தால் ஸ்பீக்கரில் ஒரு வெட்டு, முதல் எழுத்து விழுங்கப்படும். ஆர்கா போன்ற திரைவாசிப்பானை நம்பி வேலை செய்பவர்களுக்கு இது வெறும் எரிச்சல் அல்ல, சொல்லே மாறிப்போகும். இது பைப்வயரின் வேலை இல்லை. எந்தக் கருவியை எப்போது திறப்பது, மூடுவது என்று முடிவெடுப்பது வயர்பிளம்பர் என்ற செஷன் மேனேஜர். 5 நொடி சும்மா இருந்தால் கார்டைத் தூங்க வைத்துவிடும். அந்தக் கருவிக்கு ஒரு விதி எழுதி அந்த நேரத்தை 0 ஆக்கினால் தூங்காது. அப்புறமும் சத்தம் வந்தால் லினக்ஸ் கெர்னலில், கம்ப்யூட்டரோடு வரும் ஒலி சிப்பை இயக்கும் இன்டெல் எச்டிஏ டிரைவரில் இன்னொரு மின்சேமிப்பு அமைப்பு உண்டு, அதையும் 0 ஆக்க வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு தூக்கம்.

அந்த விதியை எழுதும் முறையில்தான் எனக்குக் கோபம். டெபியன் 12இல் இருந்த வயர்பிளம்பர் 0.4, லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய ஃபைல்களைப் படித்தது. 0.5 வந்ததும் லுவா கான்ஃபிக் போய், ஜேசன் மாதிரியான புது வடிவம் வந்தது. அதனால் 13க்கு ஏறியபோது என் பழைய திருத்தங்கள் எல்லாம் செல்லாமல் போய்விட்டன, 'டப்' மறுபடி வந்தது. இணையத்தில் இன்னமும் பாதிக் குறிப்புகள் லுவாவில்தான் இருக்கின்றன. ஒன்றைக் காப்பி அடிக்கும் முன் அது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பாருங்கள்.

புளூடூத் பற்றிச் சுருக்கமாக. மீட்டிங்கில் சேர்ந்ததும் ஹெட்ஃபோன் பழைய டெலிபோன் மாதிரி ஆகிறதென்றால் அது சர்வரின் கோளாறு அல்ல. நல்ல தரத்தில் ஒலி அனுப்பும் ஏ2டிபி முறையில் மைக்குக்கு இடமில்லை. மைக் கேட்டவுடன் ஹெட்செட் முறைக்கு மாறிவிடும், தரம் 16 கிலோஹெர்ட்ஸுக்கோ 8க்கோ இறங்கிவிடும். மேசையில் தனி யூஎஸ்பி மைக் வைத்துக்கொண்டு, வயர்பிளம்பரில் தானாக மாறும் அமைப்பை அணைத்துவிட்டால் தொல்லை இல்லை.

ஆர்டோர் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. அதில் அல்சாவை, அதாவது கார்டோடு நேராகப் பேசும் கெர்னல் வழியைத் தேர்ந்தெடுத்தால் கார்டு முழுவதும் அதன் கைக்குப் போய்விடும், பிரவுசர் மறுபடி ஊமை. ஜாக் வழியைத் தேர்ந்தெடுங்கள். டெபியனில் பைப்வயர்-ஜாக் பேக்கேஜைத் தனியாக நிறுவ வேண்டும், ஆர்டோரையும் பிடபிள்யூ-ஜாக் என்ற கட்டளையோடு திறக்க வேண்டும்.

எல்லாம் குழம்பினால் பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் மூன்றையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்வேன். கம்ப்யூட்டரையே ரீபூட் செய்யும் அவசியம் அநேகமாக வராது. மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்துகொண்டிருக்கும்போது மட்டும் இந்த ரீஸ்டார்ட்டைச் செய்யாதீர்கள். வேலண்ட் என்ற திரை அமைப்பில், பகிரும் திரைக் காட்சியும் இதே பைப்வயர் வழியாகத்தான் போகிறது, அதுவும் சேர்ந்து அறுந்துவிடும்.